பன்னிரண்டுக்கு எத்தனை

அரிசி ஆலையில் வேண்டாமென்று ஒதுக்கிய பேரேட்டில்
பன்னிரண்டு பத்திகள் இருந்தன,
அதனால்தான் பன்னிரண்டு.
பத்துக்குப் போட்டால் என்ன என்று
வீடியோக் கடை சோ வின் முப்பது வருடமாகக் கேட்கிறான்.

முதல் பதிவு, பதினாலு வயதில்:
கப்பலில் வந்த மதராஸ் நாவல்,
அட்டையும் இல்லை, கடைசி இரண்டு தாளும் இல்லை.
கிணற்றிலிருந்து ஒருத்தி பாதி ஏறியிருக்கிறாள்.
பன்னிரண்டு.
ஐம்பது வருடமாக ஏறிக்கொண்டே இருக்கிறாள்.
முழுப் பிரதி கிடைத்தாலும் வாங்கமாட்டேன்.

விதிகள் சில உண்டு.
நமக்கு முன்னால் இசை பயந்துவிட்டால் ஒன்று குறையும்.
பூனை குதித்தால் இரண்டு.
கண்ணாடியைத் துடைத்ததும் பின்னால் யாராவது நின்றால்
பேனாவை மூடிவிட்டுத் தேநீர் போடப் போய்விடுவேன்.
வெள்ளைச் சேலைக்குத் தனி மதிப்பெண் கிடையாது.
எங்கள் தெருவில் வெள்ளை கட்டிய மூன்று பேரும்
வட்டிக்கு விட்டவர்கள்;
அந்தப் பயம் வேறு கணக்கு.

விடிந்ததும் ‘எல்லாம் கனவு’ என்றால் பாதி போயிற்று.
ஒரு காலத்தில் இங்கே எடுத்த படங்களில்
பேய் கனவாக முடியும்,
இல்லாவிட்டால் முகத்தில் சுண்ணாம்பு பூசிய சித்தப்பாவாக.
பேய் இல்லை என்பது மேலிடத்து உத்தரவு.
நாலுக்கு மேல் போட்டதில்லை.
‘நடிகை மேல் குற்றமில்லை’ என்று
ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அடித்தல் திருத்தல் நிறைய.
நீல மையில் பதினொன்று, கறுப்பில் ஏழு, பச்சையில் ஐந்து.
படம் அதேதான்.
வயதாக ஆகப் பயத்தின் விலை இறங்குகிறது,
மோல்மேனில் இறங்கியது அது ஒன்றுதான்.

தொண்ணூற்று மூன்று, ஐப்பசி மழை.
ஜெனரேட்டர் வைத்த கொட்டகையில் ஒரு தாய்லாந்துப் படம்,
வசனம் ஒன்றும் புரியவில்லை.
பேய் வாசலில் வந்து நிற்கும்,
வீட்டுக்காரர் ‘வா’ என்றால்தான் உள்ளே வரும்.
மூன்று போட்டேன். பக்கத்தில் ‘கோழை’.

கூட வந்த டோ தின் மியா ஒன்பது என்றாள்.
அவள் மரத்து நாட்டுக்குத் தேங்காயும் வாழைப்பழமும் வைப்பவள்.
எந்தப் படத்துக்கும் அலறமாட்டாள்.
‘யாராவது ஒரு வாய் சோறு போட்டிருந்தால்
அந்தப் பெண் இவ்வளவு தூரம் போயிருக்கமாட்டாள்’ என்பாள்.
மதிப்பெண் போடத் தெரியாதவள் என்று
எட்டு மாதம் அவளோடு பேசவில்லை.

பிறகு அந்த பிப்ரவரி.
இரவு எட்டு மணிக்குத் தெரு முழுக்கச் சட்டி, மூடி, தட்டு.
கெட்டதை விரட்ட இவர்கள் தட்டுவது வழக்கம்,
நாங்களும் தட்டினோம்.
என் இட்லிக் கொப்பரைக்கு நல்ல குரல்.

ஓய்ந்து வெகுநேரம் கழித்து
விளக்கை அணைத்துக்கொண்டு ஒரு வண்டி.
இசை இல்லை.
பூனை இல்லை.
நாலாவது வீட்டுக் கதவு.
‘வா’ என்று யாரும் சொல்லவில்லை.

காலையில் டோ தின் மியாவின் வாசற்படியில்
பேரனின் செருப்பு, ஒற்றை.

பேரேட்டில் தேதி மட்டும் போட்டேன்.
பன்னிரண்டு பத்தியும் காலி.

மழைக்காலம் பிறந்தபின் அவளே கேட்டாள்,
அந்தத் தாய்லாந்துப் படம் கிடைக்குமா.
சோ வின் பூஞ்சை பிடித்த தட்டைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தான்,
காசு வாங்கவில்லை.
சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு
ஒலியைக் குறைத்துப் பார்த்தோம்.

பேய் வந்தது.
நனைந்தபடி நிலைக்கு வெளியே நின்றது.
உள்ளே வரட்டுமா என்று கேட்டது.
பதில் வரும்வரை நின்றது.

டோ தின் மியா திரையைப் பார்த்து,
வாசலுக்கு வருகிற எவரையும் கேட்பதுபோல,
‘சோறு தின்றாயா’ என்றாள்.

மூன்றை அடித்தேன். ‘கோழை’யையும்.
சிவப்பு மையில் பத்து.
பன்னிரண்டே போடேன் என்றாள்.
பாதியில் ஒரு பூனை குதிக்கிறது,
நான் என்ன செய்ய.