மனு நாள்

தொரப்பாடியில் இதற்கு மனு என்று பெயர்.
பார்க்கப் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை.
மனு போடப் போகிறேன் என்கிறார்கள்,
பட்டா கேட்டுத் தாலுகா ஆபீஸ் போகிறவர்கள் மாதிரி.

ஆம்பூரில் ஐந்தே காலுக்கு பஸ்.
ஏழரைக்குள் வரிசையில் நிற்காவிட்டால்
டோக்கன் முப்பதோடு முடிந்துவிடும்.
முப்பத்தோராவது ஆள் அடுத்த செவ்வாய் வரலாம்
என்று சொல்ல ஒருவரும் வருவதில்லை,
ஜன்னல் சாத்துகிற சத்தம்தான் சொல்லும்.

ஆதார் நகல் இரண்டு.
எதிர் ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் ஐந்து ரூபாய்.
எங்க ஊர்ல ரெண்டு ரூபாதான் என்றேன்.
"அப்ப ஒங்க ஊர்லயே ஜெயிலு கட்டச் சொல்லும்மா."
செல்போனை டீக்கடையில் விட வேண்டும், பத்து ரூபாய்.
அட்டையில் எண் எழுதி ரப்பர் பேண்டு போட்டு
பிஸ்கட் டின்னில் அடுக்குவார்.
யார் யார் வீட்டிலிருந்தோ அழைப்பு வந்து
டின் அதிர்ந்துகொண்டே இருக்கும்.

பிரிக்காத பிஸ்கட் வாங்குவார்கள்.
ஆப்பிளை அறுத்துப் பார்த்துவிட்டு வாங்குவார்கள்.
சமைத்தது கூடாது.
போன வாரம் ஒருத்தி தூக்குவாளியில் பிரியாணி கொண்டுவந்தாள்.
திருப்பிவிட்டார்கள்.
வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவளே தின்று தீர்த்தாள்,
ஒரு பருக்கை விடாமல், கோபமாக.

படிவத்தில் ஐந்தாவது கட்டம், உறவுமுறை.
முதல் தடவை அங்கேதான் பேனா நின்றது.

கம்பெனியில் பூங்காவனம் மேல்தோல் தைப்பாள்.
பக்கத்து ஸ்டூலில் நான் நூல் வெட்டுவேன்.
மாதம் ஐந்தாம் தேதி, சாப்பாட்டு மணி அடித்ததும்
டிபன் பாக்ஸுக்கு முன்னால் நோட்டைத்தான் திறப்பாள்.
இருபது மாதச் சீட்டு. பதினாலு கட்டினேன்.
பதினைந்தாவது ஐந்தாம் தேதி
நோட்டும் இல்லை, அவளும் இல்லை.
ஸ்டேஷனில் அறுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டோம்.
என்னுடையது நாற்பதாவது.

அந்தக் கட்டத்தில் உண்மையை எழுத இடமிருந்தது.
தங்கை என்று எழுதினேன்.

ஜன்னலுக்குள் இருந்தவர் படித்தார்.
"அக்கா பூங்காவனம். நீ விக்டோரியாவா?"
"கட்டிக்கினு போன எடம் அப்படி சார்."
ஆதாரைப் பார்த்தார். அதில் என் அப்பா பெயர் தேவசகாயம்.
முத்திரையை மையில் ஒற்றினார்,
என் இடது கையில் வைத்து அழுத்தினார்.

பணம் எங்கே என்று கேட்கத்தான் போனேன்.
பள்ளிகொண்டா டோல்கேட் வரைக்கும்
வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்,
பக்கத்து சீட்டுக்காரர் ஜெபம் என்று நினைத்திருப்பார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.
ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு திருப்பி,
"இன்னா விக்டோரியா, லீவு போட்டுட்டா வந்த?
அட்டெண்டன்ஸ் போனஸ் பூடுமேடி" என்றாள்.

என் எழுபதாயிரத்தைத் தின்றவள்
என் முந்நூறு ரூபாய்க்குப் பதறினாள்.

பத்து நிமிஷம்.
அதில் நாலு, "கேக்குதா, கேக்குதா" என்பதில் போனது.
புது சூப்பர்வைசர் எப்படி என்றாள்.
உள்ளே தரும் சோப்பில் கை தோல் உரிகிறது என்றாள்.
கண்ணாடியில் கையை ஒட்டிக் காட்டினாள்,
ஊசி ஏறின பழைய தழும்பு அப்படியே இருந்தது.
கேட்கலாம் என்று நான் வாயைத் திறந்தபோது
லைன் செத்துவிட்டது.
அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அது சித்திரையில். இப்போது ஆவணி.

இன்றைக்கு ரெண்டு சோப்பு, ஒரு தேங்காய் எண்ணெய்.
எண்ணெய்யைத் திருப்பிவிட்டார்கள்.
பணத்தைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.
அடுத்த செவ்வாய் கேட்பேன்.

ஊதா முத்திரை வியாழன் வரைக்கும் போகாது.
அந்த ரெண்டு நாளும் இடது கைக்கு மட்டும்
கையுறை மாட்டிக்கொண்டு நூல் வெட்டுகிறேன்.
அரிப்பா என்று கேட்கிறார்கள்
மீதி அறுபத்தொரு பேரும்.
ஆமாம் என்கிறேன்.