ஏழு இமைப்பு

வித்தெப்ஸ்கிலிருந்து கோப்பு வந்துவிட்டது.
நாற்பத்தொரு நிமிடம்.
வில்னியுஸில், ஒரு சலவைக்கடையின் மேல்மாடியில்
முகங்களை அழிப்பது என் வேலை.

தெருவில் நின்று கேட்பவள் யாத்விகா.
அவளை நான் பார்த்ததில்லை, கையுறையைத் தெரியும்:
சாம்பல் நிறம், பெருவிரலில் தையல் விட்டது.
குறுஞ்செய்தி படிப்பவள்போல் கைப்பேசியை நெஞ்சோடு பிடித்து
ஒவ்வொருவரிடமும் முதலில் சொல்கிறாள்,
"முகம் தெரியாது."
வாக்கு அவளுடையது.
காப்பாற்ற வேண்டியவன் நான்.

இந்த வாரக் கேள்வி:
நாடு சரியான வழியில் போகிறதா?

"போகிறது, போகிறது. பேருந்துதான் வரக் காணோம்."
"என் மனைவியைக் கேளுங்கள்" என்கிறார் ஒருவர்,
பக்கத்தில் மனைவி இல்லை.
உருளைக்கிழங்கு விலையைச் சொல்லத் தொடங்கிய பெண்
கிலோ என்ற சொல்லிலேயே திரும்பிவிடுகிறாள்,
"நியாயமான விலைதான்."
"நான் அரசியலில் இல்லை" என்கிறான் ஒரு மாணவன்.
பதினோராவது ஆள் அவன், அதில் இல்லாதவர்களில்.

ஒருவர் மட்டும் நின்று நிதானமாக
பெயரையே சொல்கிறார்.
"ஸ்தெபான் குசிகோவிச். பூட்டுப் பழுது, பதினான்காம் எண் கடை.
ஓய்வூதியம் முதல் தேதியே வருகிறது, சாலை வந்தது,
நான் ஏன் ஒளிய வேண்டும்? என் முகத்தை அழிக்காதே, பெண்ணே."
பொய் சொல்லவில்லை அவர். எனக்குத் தெரிகிறது.
எனக்கு அவரைப் பிடிக்கவும் செய்கிறது.
ஆனால் நாளை இதைப் பார்ப்பவர்கள்
அந்த ஊரில் ஒரே ஒரு மனிதன்தான் இருக்கிறான் என்பார்கள்,
சுற்றிலும் நடமாடும் பனிமூட்டம்.

முகம் போதாது. நடையை வைத்துப் பிடிக்கிறார்கள்,
கோட்டை வைத்து, பையின் அறுந்த வாரை வைத்து.
ஒரு குழந்தையின் கையுறை சிவப்பும் வெள்ளையுமாய்
சட்டகத்தின் ஓரத்தில் ஆடுகிறது.
அதற்குக் கேள்வியே கேட்கவில்லை,
சாம்பல் பூசுகிறேன்.

இருபத்தொன்பதாம் நிமிடம். டிராம் நிறுத்தம்.
பச்சைத் தலைத்துணி, வலக்கையில் பால் புட்டி.
யாத்விகா கேட்கிறாள்.
அவள் கைப்பேசியைப் பார்க்கிறாள், அதாவது என்னை.
இமைக்கிறாள்.
இமைக்கிறாள்.
ஒன்பது விநாடி, ஏழு இமைப்பு.
பிறகு, "எல்லாம் நல்லபடியாக இருக்கிறது."

கண்ணிமைக்கும் நேரம் ஒரு மாத்திரை.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு.
ஏழு மாத்திரை நீளும் எழுத்தை
எந்தப் பள்ளியில் கற்றாள்?

என் அட்டவணையில் மூன்று கட்டங்கள்:
ஆம், இல்லை, தெரியாது.
"ஆம்" என்று குறித்தேன்.
குரலைத் தாழ்த்தினேன். உயிரெழுத்தெல்லாம் குழைந்து இழுபட,
மெய் மட்டும் ஒடியாமல் நின்றது.
பிறகு முகத்தின்மேல் வட்டத்தை இழுத்தேன்,
ஏழும் போயின.
மிச்சம் இருந்தது அந்த ஒரு வாக்கியம்.
முன்னால் கிடந்த வெறும் ஒன்பது விநாடியை வெட்டினேன்,
பார்ப்பவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்று
மேலாளர் ரிம்காஸ் சொல்லிச் சொல்லி
என் கைக்கே பழகிப்போனது.

கோப்பின் கடைசியில் யாத்விகா அணைக்க மறந்திருக்கிறாள்.
பனி நொறுங்கும் ஓசை. அவள் மூச்சு.
பின்னால் விரைந்து வரும் காலடிகள். அவளும் வேகம் கூட்டுகிறாள்,
நானும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.
"நில்லுங்கள். நான்தான், பால் வாங்கியவள்."
"அழித்துவிடட்டுமா?"
"வேண்டாம். நான் பேசுவதற்கு முன்னால் இருக்கிறதே,
அதை வெட்டிவிட வேண்டாம் என்று
அங்கே இருப்பவரிடம் சொல்லுங்கள்."

அங்கே இருப்பவர்.

கீழே இயந்திரங்கள் நின்றுவிட்டன.
ஒன்பது விநாடியைத் திரும்ப ஒட்டுகிறேன்,
முகமில்லாத ஒரு தலை, காற்று, தூரத்து மணி.
ரிம்காஸ் திட்டுவார்.
நான்காவது விநாடியில் பின்னால் டிராம் ஒன்று கடக்கிறது.
எண் தெளிவாகத் தெரிகிறது.
அதையும் மங்கலாக்க வேண்டும்.