பனி காக்கும் வேலை

பனி சுடும் என்றால்
கீழ்நாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள்.
தை பிறந்ததும் தலைகுந்தாவுக்கு வந்து பாருங்கள்.
ஒரே ராத்திரியில் கொழுந்தெல்லாம்
அடுப்பில் வாட்டினது போலச் சிவந்து கிடக்கும்.

பதினேழு வருடமாக
அதைத் தடுப்பதுதான் என் வேலை.
நாலு மணிக்கு மோட்டாரைத் தட்டி
தெளிப்பானைத் திருப்பி
வெயில் தொடுவதற்குள்
இலை இலையாகப் பனியைக் கழுவிவிட வேண்டும்.
கொஞ்சம் பிந்தினால்
சூப்பர்வைசர் லாசர் என் பெயரை மறந்துவிடுவார்.
"ஏய் மோட்டார்" என்பார்.

இந்த வருடம் நகராட்சியிலிருந்து ஆள் வந்தது.
பன்னாட்டுப் பனிச்சறுக்குப் போட்டி,
பதினொரு நாடு,
மைதானத்தில் பனி பிடிக்க வேண்டும்,
ராத்திரி தண்ணீர் தெளிக்கத் தெரிந்தவர் வேண்டும்.
"உனக்குப் பனியைத் தெரியும்தானே, ரத்தினசோதி?"
தெரியும் என்றேன்.
எதிராளியைத் தெரியாமலா.
நாளுக்கு எழுநூற்றைம்பது,
கம்பளிக் குல்லாய் இனாம்.

சேரிங்கிராஸில் வளைவு எழுந்தது.
"வீரர்களை வரவேற்க்கிறோம்."
கூடுதலாக வந்த அந்த ஒரு க்
காற்றில் நடுங்கிக்கொண்டே நின்றது.
குதிரைக்காரர்களைக் காந்தல் பக்கம் ஒதுங்கச் சொன்னார்கள்,
வெள்ளையில் சாணி தெரியுமாம்.
வர்க்கி பெட்டியின் மேல் பென்குயின் ஒட்டினார்கள்.
அது எந்த ஊர்க் கோழி என்று கேட்டாள்
என் சின்னவள்.

வெறும் தண்ணீர் உறையவில்லை என்றதும்
தூத்துக்குடியிலிருந்து ஐஸ் வந்தது.
கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும்
ஒழுகிக்கொண்டே ஏறின லாரிகள்.
இருதயராஜ் மச்சாது தார்ப்பாயை விலக்கினார்:
உமி,
உமிக்குள் கட்டி,
கட்டிக்குள் ஒரு நெத்திலி, கண்ணைத் திறந்தபடி.
"துறைமுகத்து ஐஸுக்கா. லேசா வாசம் இருக்கும்."
லேசாக இல்லை.
மலையில் இருந்த பூனையெல்லாம்
பதினொரு நாட்டுக்கும் முன்னால் வந்து இறங்கின.

நான் கடல் பார்த்ததில்லை.
அப்பா எட்டு வயதில் தலைமன்னாரிலிருந்து
கப்பலில் வந்தவர்.
கடல் எப்படியிருக்கும் என்று கேட்டால்
"வாந்தி" என்பார், அவ்வளவுதான்.
அந்த நெத்திலியை எடுத்து
குல்லாய்க்குள் வைத்துக்கொண்டேன்,
ஏனென்று தெரியவில்லை.

முன்னோட்டத்துக்கு ஒரு பெண் வந்தாள்.
அவள் நாட்டின் பெயர் என் வாயில் நிற்கவில்லை.
குனிந்து தரையைத் தொட்டாள்,
விரலை முகர்ந்தாள்,
என்னைப் பார்த்தாள்.
கையை நீந்தவிட்டுக் காட்டினேன்.
அவள் சிரித்த சிரிப்பில்
வாயிலிருந்து புகை வந்தது.

அன்று ராத்திரி நல்ல பனி.
காரட் தோட்டம் வெள்ளை,
நிறுத்தியிருந்த ஜீப் வெள்ளை,
கல்லறைச் சிலுவை வெள்ளை,
தூங்கிவிட்ட போலீஸ்காரரின் தொப்பி வெள்ளை.
பதினாறு பெரிய விளக்கெரிந்த
எங்கள் மைதானம் மட்டும் சேறு.

"சுத்தி விழுற பனியை
இங்கே திருப்ப முடியாதா?"
என்றார் பொறியாளர்.
"விளக்கை அணைங்க சார்."
"விடியக்காலை படம் பிடிக்க வர்றாங்க,
விளக்கில்லாம எப்படி?"

அவர் டீ குடிக்கப் போனபோது
ஃபியூஸைப் பிடுங்கினேன்.

மூன்றரைக்கு மேல் வந்தது.
சத்தமில்லாமல்,
கடன்காரன் போல,
எல்லா மூலையிலும் ஒரே சமயத்தில்.
எங்கிருந்தோ அந்தப் பெண்ணும் வந்தாள்,
காலில் கத்தி கட்டிக்கொண்டு.
அப்பளம் நொறுங்குகிற சத்தத்தோடு
இரண்டு சுற்று போனாள்,
மூன்றாவதில் முழங்கால் வரை சேறு,
உட்கார்ந்து சிரித்தாள் இருட்டில்.

நாலு மணி.
என் கை தானாக மோட்டாரைத் தேடியது.
அதை அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

வெயில் எதிர்ச்சரிவில்தான் முதலில் விழும்.
நாலாம் நம்பர் மலை,
என் மலை,
யாரும் கழுவாமல் விட்ட மலை,
மேலிருந்து கீழாகச் சிவந்துகொண்டே வந்தது.

லாசர் போன் அடித்தார்.
எடுக்கவில்லை.
குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டேன்.
இனாம் என்றார்கள்,
கூலியில் எண்பது ரூபாய் பிடித்திருந்தார்கள்.