கதவு முறை

இன்று நான் கதவு.
நேற்று லிகெலெலி. நாளை
யாருக்கு வயிறு வலிக்கவில்லையோ அவள்.

மொக்கோட்லோங் மலைக்காற்று
தகரக் கதவுகளைக் கழற்றிப் போட்டு
மூன்று குளிர்காலம் ஆகிறது.
ஒன்று ஆற்றில் கிடந்தது.
இன்னொன்று யார் வீட்டுக் கோழிக்கூடோ,
கேட்கவில்லை.

தோளில் கிடக்கும் கம்பளிப் போர்வையை
இரு கையாலும் விரித்துப் பிடித்து
முதுகு காட்டி நிற்கிறேன்.
கதவு திரும்பிப் பார்க்கக் கூடாது.
சட்டம் அது ஒன்றுதான்.

உள்ளே ந்தாதிசி.
பழைய சட்டைக் கையை நான்காக மடிக்கிறாள்.
அரை பாட்டில் தண்ணீர்:
துணிக்கா, கைக்கா என்று
அவள் யோசிப்பது எனக்குக் கேட்கிறது.

பையன்களின் பந்து இந்தப் பக்கம் உருண்டால்
எட்டி உதைப்பேன்.
இந்தக் கதவுக்குக் கால் உண்டு.

வகுப்பில் பின்னங்கள் ஓடிக்கொண்டிருக்கும்.
அரை, கால், முக்கால்.
பதிவேட்டில் நாங்கள் இருவரும்
முழுசாக இல்லை.

போன மாதம் மாவட்டத்திலிருந்து ஒருவர்
குதிரையில் வந்தார். தாளைப் பார்த்து,
"புதுக் கதவுகள் இரண்டு?"
"இருக்கின்றன ஐயா," என்றார் தலைமை ஆசிரியர் லெஃபா.
பொய் இல்லை.
திருட்டுப் போய்விடும் என்று
சாமான் அறைக்குள் கதவுகளை வைத்துக்
கதவைப் பூட்டியிருக்கிறார்.
வந்தவர் ஒரு டிக் போட்டார்.
பிறகு ஆசிரியர்களின் கழிப்பறைக்குப் போனார்.
அதற்குத் தாழ்ப்பாளும் உண்டு.

விரல்கள் மரத்துப்போகின்றன.
"முடிந்ததா?" என்று கதவு கேட்காது.
பின்னாலிருந்து
போர்வை ஒரு தடவை இழுபடும்.
அப்போது திறப்பேன்.