பதின்மூன்று டிகிரி

வாழைப்பழம் பதின்மூன்று டிகிரியில் கடல் கடக்க வேண்டும்.
ரொம்ப ஏறினால் வழியிலேயே பழுத்துவிடும்,
ரொம்ப இறங்கினால் தோல் கறுத்துவிடும்.
எங்கள் மூன்றாம் மாடியில்
இது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம்.

த்ரியெஸ்தே துறைமுகத்தின் முதுகுப் பக்கம்
கப்பல் சரக்குக் காப்பீட்டு அலுவலகம்.
எந்தக் கடலில், எந்த இரவில், எத்தனை டிகிரி தவறி
யார் சரக்கு அழுகியது என்று
எழுதிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறோம்.

என் நாற்காலிக்கு நேர் மேலே
சுவரில் அந்த வெள்ளைப் பெட்டி.
ஆகவே போர் முழுவதும்
என் தலைக்கு மேல்தான்.

எட்டேகாலுக்கு ஓந்தீனா வருவாள்.
கோட்டைக் கழற்றுமுன் விரல் நீளும்:
இருபத்து நான்கு.
எட்டரைக்கு லீவியோ:
பதினெட்டு.
ஒரு வார்த்தை கிடையாது.
இரண்டு கைகளின் நிழல் மட்டும்
என் உச்சந்தலையில் மாறி மாறி விழும்.

பிடரியில் காற்றுப் பட்டால் மூன்று நாள் படுக்கை;
அது ஓந்தீனாவின் மதம்.
ஜன்னல் ஒரு விரற்கடையாவது திறந்திருக்க வேண்டும்;
அது லீவியோவினுடையது.
மூடிவிடாமல் இடுக்கில் செருகியிருப்பார்
நனைந்த காப்பி மூட்டை வழக்கின் பழைய கோப்பை.
ஸ்வோன்கா மட்டும் எந்தக் கட்சியும் இல்லை.
மேசைக்கடியில் ஒரு ஹீட்டர், மேசைமேல் ஒரு விசிறி,
இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டு
நடுவில் நிம்மதியாக ரொட்டி தின்பாள்.

மேலாளர் பெனுஸ்ஸி ஒருமுறை சுற்றறிக்கை விட்டார்:
இனி இருபத்தொன்று, எல்லோருக்கும்.
"யாரைக் கேட்டு?"
லீவியோவும் ஓந்தீனாவும் சேர்ந்து
அவர் அறைக்குள் போனார்கள்.
ஆறு வருடத்தில் அவர்கள்
ஒரே கதவு வழியே நுழைந்தது அன்றுதான்.
சுற்றறிக்கை மதியத்துக்குள் கிழிந்தது.
அதன்பின் பெனுஸ்ஸி என்றால்
இருவருக்குமே குளிர் விட்டுப்போனது.

பிப்ரவரியில் போரா வந்தது.
மலையிலிருந்து கடலுக்கு
ஊரையே துடைத்துத் தள்ளும் காற்று.
பதினொரு மணிக்கு மின்சாரம் போனது.
பாய்லர் ஒருதரம் இருமி அடங்கியது.
வெள்ளைப் பெட்டியின் கண்ணும் மூடிக்கொண்டது.

ஸ்கூட்டர்கள் படுத்துக் கிடந்த தெருவில் இறங்க
யாருக்கும் துணிவில்லை.
கோட்டோடு, கையுறையோடு,
ஸ்வோன்காவின் மெழுகுவர்த்தியைச் சுற்றி நால்வர்.
சர்வேயர் வெப்பமானியை லீவியோ எடுத்தார்,
அத்தாட்சி முத்திரை உள்ளது, பொய் சொல்லாது.
பத்து.
"வாழைப்பழமாயிருந்தால்
இந்நேரம் நம்மைக் கடலில் கொட்டியிருப்பார்கள்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.
மெழுகு ஒரு பக்கமாய் வழிந்தது.
கொஞ்சநேரம் கழித்து ஓந்தீனா,
அவளுக்கு அப்படியொரு குரல் உண்டென்று
அதுவரை எனக்குத் தெரியாது,
"குளிருதா, லீவியோ?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.
கோப்பை எப்போதோ உருவிவிட்டிருந்தார்,
சத்தமில்லாமல்.
"கொஞ்சம்."

ஓந்தீனா தன் சால்வையைத் தொட்டாள்.
கழற்றப்போகிறாள் என்றே நினைத்தேன்.
கழற்றவில்லை.
அதன் மடிப்பிலிருந்து பேனாவை எடுத்து,
கையுறையைப் பல்லால் இழுத்துவிட்டு,
எழுதினாள்.

மறுநாள் பெட்டிக்குக் கீழே ஒட்டியிருந்தது:
பிற்பகல் 2.20. குளிர்வதாக லீவியோ ஒப்புதல்.
சாட்சிகள் இருவர்.
கீழே பச்சை மையில் பதில்:
அன்று பத்து. இன்று இருபத்து நான்கு.
இது வேறு வழக்கு.
ஜன்னலிடுக்கில் காப்பி மூட்டைகள் திரும்பியிருந்தன.

இன்று எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.
நாற்காலிமேல் ஏறாமலே எட்டும் உயரம்தான்.
என்னை ஒருவரும் கேட்டதில்லை,
உனக்கு எத்தனை வேண்டும் என்று.
எழுந்து நின்றேன்.
விரலை நீட்டினேன்.

எத்தனை?

மாடிப்படியில் லீவியோவின் செருமல்.
அதற்குச் சற்றுப் பின்னால்
ஓந்தீனாவின் குதிகால்.
உட்கார்ந்து
தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன்,
அவர்களுக்குக் கை எட்ட.