பக்கவாட்டில் எழுதியது

லிங்க் எதையும் நான் அழுத்தவில்லை.
பேங்க்கிலிருந்து பேசுகிறேன் என்றவனை
எந்தத் தெரு, எதிரில் என்ன கடை என்று கேட்டுக் கேட்டு
அவனே போனை வைக்கும்வரை விடவில்லை.
ஆறு எண் கேட்ட எவனுக்கும் கொடுத்ததில்லை.
அப்படியும் போனது.

காசிமேட்டில் ராத்திரி மூணு மணிக்கு
சங்கரா கூடை எவ்வளவுக்கு ஏலம் போனது,
கடம்பா புதுசா, ஐஸில் ரெண்டு நாள் கிடந்ததா,
நான் எழுதுவது அவ்வளவுதான்.
பெரம்பூரில், மாதவரத்தில், மீஞ்சூரில்
பல் விளக்குமுன் பதினோராயிரம் பேர் பார்ப்பார்கள்.
பெருமைக்குச் சொல்லவில்லை,
இழந்த கணக்கைச் சொல்கிறேன்.

ஆடிச் செவ்வாய். ஏலக் கூச்சலுக்கு நடுவில்
போன் என்னை யாரோ போலப் பார்த்தது:
தவறான கடவுச்சொல்.
ஐஸ் பிடித்த விரல், அதனால்தான் என்று
ஊதி ஊதி அடித்தேன். தவறு.
அதற்குள் எவனோ ஒருவன்
என் படத்துக்குக் கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான்:
"அன்பார்ந்த வாடிக்கையாளர்களே,
மருத்துவ அவசரம். மூவாயிரம் அனுப்பினால்
மாலைக்குள் இரட்டிப்பாகத் தருகிறேன்."

மணலியிலிருந்து தேசப்பன் கூப்பிட்டான்.
"இன்னாக்கா, அன்பார்ந்தன்னுலாம் எழுதிக்கீற?
சீக்கிரம் வாங்கடா நண்டு காலியாவுதுன்னுதான எழுதுவ?"
அவன் தப்பித்தான்.
என் எழுத்தைப் படித்தவர்கள் தப்பித்தார்கள்.
விலையை மட்டும் பார்க்கிறவர்கள் பதினாலு பேர்
அனுப்பிவிட்டார்கள்.

கல்மண்டபம் செல்போன் கடையில் ஜாபர்
டீயை ஓரமாக வைத்தான்.
"பாஸ்வேர்டு இன்னா வச்சிருந்த?"
போட் பேரும் நம்பரும்.
"எல்லாத்துக்குமா?"
எல்லாத்துக்கும். மெயிலுக்கு, பக்கத்துக்கு, கரண்ட் பில்லுக்கு.
அவன் திட்டவில்லை.
என் பழைய படம் ஒன்றைத் திறந்து
ரெண்டு விரலால் விரித்தான்.
வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறேன்.
பின்னால் பச்சை பெயின்ட்டில் படகு.
அதன் பக்கவாட்டில்,
எழுநூறு ரூபாய் கொடுத்து
பெரிசா எழுதுப்பா என்று
நானே நின்று எழுதவைத்தது:
ஜெனோவா மேரி, பிறகு நாலு எண்.
முன்னூற்றுச் சொச்சம் படம் போட்டிருக்கிறேன்.
ஒன்றில் மட்டும்
ஒரு கொக்கு கடைசி எண்ணை மறைத்திருக்கிறது.

பக்கம் திரும்பிவரப் பத்தொன்பது நாள்.
இப்போது கதவுக்கு ஒரு சாவி.
மெயிலுக்கு நீளமாய் நாலு சொற்கள்,
ஒன்றுக்கொன்று உறவில்லாதவை,
எதுவும் கடலில் கிடைக்காதவை.
அதற்கு மேல் ஆறு எண்.
முப்பது நொடிதான் அதற்கு உயிர்,
ஒரு தரம், ரெண்டு தரம் என்பதற்குள் செத்துவிடும்.
எனக்குப் பழகிய வேகம்தான்.
போன் கடலில் விழுந்தால்?
(விழும். ரெண்டு விழுந்திருக்கிறது.)
அதற்கென்று பத்து எண்களைப் பேப்பரில் எழுதி
பத்திரமாய் வைத்திருக்கிறேன்,
எங்கே என்றால்,
சொல்ல வந்துவிட்டேன் பாருங்கள்.

வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கிறார்,
வீடு பூட்டிக் கிடக்கிறது என்று
ஊருக்கே சொன்ன படங்களை எடுத்துவிட்டேன்.
படகு கரை ஏறிய பிறகுதான் இப்போது படம்.
வஞ்சிரத்தை அந்த நாலு எண்ணுக்கு நேரே பிடிக்கிறேன்.
அது எதற்கும் சாவி இல்லை இப்போது.
ஆனாலும்.

பதினாலு பேர், நான் வாங்காத கடன்.
யாரும் கேட்கவில்லை.
மாசத்துக்கு ஒருவர் வீடு என்று மீனோடு போகிறேன்.
நேற்று மீஞ்சூர், விசாலினி டீச்சர்.
மணியடித்தேன். கதவு திறக்கவில்லை.
"யாரு?"
காசிமேடு விலை எழுதுறவ.
"நீதான்னு எப்படி நம்புறது?"
கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு சொன்னேன்:
"கடம்பா கொணாந்திருக்கேன் டீச்சர்.
சுத்தம்லாம் பண்ணித் தரமாட்டேன்,
நீயே பண்ணிக்கோ."

தாழ்ப்பாள் விலகியது.