இரண்டு படங்கள்

காலை எட்டு மணிக்கும்
பூடோ துறைமுகத்தில் விளக்கு அணையவில்லை.
டோர்கைர் வெறும் வயிற்றோடு வந்திருந்தான்,
இரவெல்லாம் உப்புக் கரைசல் குடித்துக்
குடலைக் கழுவிய களைப்போடு.
கீழிமையைத் தாழ்த்திப் பார்த்தேன்.
மீன் வயிற்றின் வெளுப்பு.

நான்கு மாதத்தில் மூன்று முறை
யாரோ கொடுத்த ரத்தம்
அவனுக்குள் போய்
எங்கோ காணாமல் போயிற்று.
மேலிருந்து குழாய் விட்டார்கள்: ஒன்றுமில்லை.
கீழிருந்து விட்டார்கள்: ஒன்றுமில்லை.
மலம் மட்டும் தாராய்க் கறுத்தது.

கடலடிச் சுரங்கச் சாலையில்
கசிவு தேடுவது அவன் வேலை.
"சொட்டும் இடத்தில் ஓட்டை இருக்காது," என்றான்.
"பாறைக்குள் ஓரிடத்தில் நுழைந்து
நூறடி நடந்து
வேறிடத்தில் சொட்டும்.
புது ஆட்கள் சொட்டும் இடத்தைத்தான் பூசுவார்கள்."
சவரம் செய்த அவன் வயிற்றில்
உணர்வான்களை ஒட்டிக்கொண்டிருந்தேன்.
கை சில்லென்றதோ என்னவோ
பேச்சை நிறுத்திக்கொண்டான்.

உறையைத் திறந்ததுமே
கண் சிமிட்டத் தொடங்கிவிடும் குளிகை.
அதனால் முதல் படம் எப்போதும்
என் உள்ளங்கைதான்.
பிறகு கூரை விளக்கு,
அவன் மூக்கு,
வெள்ளி அடைத்த கடைவாய்ப் பல்,
ஒரு மடக்குத் தண்ணீர்,
இருட்டு.

வெள்ளிக்கிழமை.
தாழ்வாரத்தில் வாஃபிள் சுடும் வாசனை.
"கொடுமை இது," என்றான்.
நான்கு மணி நேரம் கழித்து
ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும்
ஒரே ஒரு துண்டு என்றேன்.
இடுப்பில் பதிவுப்பெட்டியோடு
பனியில் படகுகளைப் பார்த்துக்கொண்டு
நாளெல்லாம் நடந்தானாம்.

மாலையில் பெட்டியைக் கழற்றிக் கொடுத்தான்.
"விழுங்கினதைத் திருப்பித் தரணுமா?"
வேண்டாம், தண்ணீர் ஊற்றி விட்டுவிடு.
"விலை?"
சொன்னேன்.
தன் பனிச்சறுக்குக் காலணியைக்
கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டான்.

ஒரு சாண் வயிறு என்பது பேச்சுக்கு.
சுருட்டி வைத்த ஆறு மீட்டர் அது.
திங்களன்று நான் திறந்த கோப்பில்
ஐம்பத்தோராயிரம் படங்கள்.

நீருக்கடியில் அசையும் புல்லைப் போல
குடலின் உள்விரல்கள்.
குமிழி. பித்தத்தின் மஞ்சள். குமிழி.
ஒரு மடிப்பில் சிக்கி
நாற்பது நிமிடம் ஒரே சுவரை
வெறித்துக்கொண்டிருந்தது குளிகை.
அங்கே நான் காபி ஊற்றிக்கொண்டேன்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
பார்க்க வேண்டிய வேலை.
அப்படித்தான் பார்த்தேன்,
மூன்று மணி பதினேழாம் நிமிடம் வரை.

தொலைபேசி.
மகன் கையுறையைத் தொலைத்துவிட்டானாம், இடது கை.
சொன்னேன் ஏதோ. வைத்தேன்.
படங்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

எது என்னைப் பின்னால் ஓட்டச் சொன்னதென்று
எனக்குத் தெரியாது.
இருந்தது.
சிவப்பில் கால் விரித்த சிலந்தி.
அதன் ஓரத்திலிருந்து
நூலிழையாய் இறங்கும் புது ரத்தம்.
முந்தைய படத்தில் இல்லை.
இரண்டு படம் தள்ளி இல்லை.
எட்டு மணி நேரப் பயணத்தில்
குளிகை அதைப் பார்த்தது
ஒரே ஒரு நொடி.

டாக்டர் சிக்னே தோளுக்குப் பின்னால் நின்று
"எட்டும் தூரம்தான், சுட்டுவிடலாம்,"
என்று சொல்லிவிட்டுப் போனார்.
நான் டோர்கைரை அழைத்தேன்.
வேலைக்குப் போயிருந்தான், போகக் கூடாதென்றும்.
நீர் இறைக்கும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே
கத்தினான்:
"சொட்டும் இடமா, ஓட்டையா?"
ஓட்டை.
மறுமுனையில் இயந்திரங்கள் மட்டும்
வெகுநேரம் பேசின.

எல்லாரும் கிளம்பிய பிறகும்
நான் எழுந்திருக்கவில்லை.
நவம்பரில் ஒரு பெண்.
குளிகை விழுங்கும்போது
கண்ணை இறுக மூடிக்கொண்டவள்.
ஒன்றுமில்லை என்று எழுதி
நான்தான் கையெழுத்திட்டேன்.
அன்று தொலைபேசி அடித்ததா?
நினைவில்லை.

கோப்பைத் திறந்தேன்.
முதல் படத்தில்
என் உள்ளங்கை.